காந்தத்தில் ஒட்டிய ஊசிமுனை

கண்ணு,

இதை உன் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் பேச ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடத்தில் "சாப்பிட்டீங்களாப்பா?" என்று நீ கேட்பாய், "ஆச்சு" என்று நான் சொல்வேன், அதோடு பேச்சு முடிந்துவிடும். நமக்குள் எப்போதும் அப்படித்தான். காகிதத்தில் எழுதி எத்தனையோ வருடமாயிற்று, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். போன ஞாயிற்றுக்கிழமை கொமரலிங்கத்தில் உன் மாமனார் வீட்டில், உன் பிள்ளைக்குத் தொட்டில் போட்ட அன்று, ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்று எல்லார் முன்னாலும் கேட்டாய். காரணம் இருந்தது, அதை அந்தக் கூடத்தில் சொல்ல முடியாது. இங்கே முழுதும் எழுதியிருக்கிறேன். படித்த பிறகு குழந்தையை என் மடியில் கொடுப்பதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்துகொள். எதுவானாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

முதலில் நீ பார்த்ததைச் சொல்கிறேன். சம்பந்தி வீட்டார் தாம்பாளத்தில் குழந்தைக்குத் துணி வைத்தார்கள். ஆறு சட்டை, உடம்பு முழுதும் மூடுகிற உடுப்பு இரண்டு, ஒரு குல்லாய். நான் சட்டைப் பையிலிருந்து என் டார்ச்சை எடுத்தேன். ஒவ்வொரு சட்டையாக எடுத்து உள்பக்கம் திருப்பி, கழுத்துப் பட்டியை விரித்துப் பின்னாலிருந்து வெளிச்சம் அடித்து, தையலை விரலால் தடவி, டார்ச்சின் வால்பக்கத்தில் இருக்கும் காந்தத்தைத் தையல் மேல் இழுத்து இழுத்துப் பார்த்தேன். மூன்றாவது சட்டை எடுக்கும்போதே கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. "ஏனுங்க சம்பந்தி, நாங்க வெச்ச துணில அப்பிடி என்னத்தங்க தேடறீங்க?" என்று உன் மாமியார் கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். அவருடைய தங்கச்சி பக்கத்தில் இருந்தவர்களிடம், "செய்வினை ஏதாச்சும் வெச்சுட்டமோன்னு பாக்கறாராட்ட இருக்குது" என்று சொன்னது எனக்கும் கேட்டது, உனக்கும் கேட்டது. நீ எழுந்து வந்து என் கையிலிருந்து டார்ச்சை வாங்கிக்கொண்டாய். "போதுமுங்கப்பா. எதுக்கு இப்பிடிப் பண்றீங்க? இனிமே இதைத் தூக்கிட்டுக் கொழந்தைகிட்ட வராதீங்க" என்றாய்.

எனக்குக் கோபம் வரவில்லை கண்ணு. வெட்கமும் வரவில்லை. இலை போட்டதும் உட்கார்ந்து சாப்பிட்டேன், பாயசம் இரண்டு தரம் வாங்கினேன். பஸ்ஸில் வரும்போது உன் அம்மா உடுமலை வரைக்கும் அழுதுகொண்டு வந்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். சம்மணம் போட்டு வெகுநேரம் உட்கார்ந்து கால் மரத்துப்போனால், கிள்ளுவது தெரியும், வலி தெரியாது. ஏழு வருடமாக எனக்கு எல்லாமே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. உன் கல்யாணம்கூட அப்படித்தான் போயிற்று. அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு எவரோ சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்வது நல்லது.

டார்ச் இப்போது உன்னிடம் இருக்கிறது. திருப்பிக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. நீயும் இப்போது நெருப்பெரிச்சல் ஊர்க் கம்பெனியில் ஒரு தையல் லைனுக்குப் பொறுப்பாளன், உனக்கும் அது வேண்டியிருக்கும். அதனால் அதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவைக்கிறேன். அது எனக்கு வந்தபோது மஞ்சள் வெளிச்சம் விடுகிற சாதாரண வெளிநாட்டு டார்ச். கட்டைவிரல் தடிமன், இரண்டு பென்டார்ச் செல், தலையைத் திருகினால் எரியும், இன்னும் திருகினால் வெளிச்சம் பரவும். நான் மெக்கானிக் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்குப் புது ஓவர்லாக் தையல் மெஷின் வந்தபோது அதைப் பொருத்த வந்த இன்ஜினியர் போகும்போது கொடுத்துவிட்டுப் போனார். மெஷினின் வயிற்றுக்குள் கையை விட்டு வேலை செய்கிறவனுக்கு அது மூன்றாவது கண். நம் ஊர் பவர் டேபிளில், தையல் மெஷின்கள் போட்டிருக்கிற நீள மேசைக்கு மேலே, டியூப் லைட் வரிசையாகத் தொங்கும், ஆனால் மெஷினுக்கு அடியில் எப்போதும் இருட்டுத்தான். சட்டைப் பையில் பேனா வைக்காத நாள் உண்டு, அது இல்லாமல் நான் வாசல் தாண்டிய நாள் கிடையாது.

அதன் வெளிச்சத்தில் நடுவே ஒரு கறுப்பு வளையம் விழும். சின்னப் பொருளைத் தேடும்போது அந்த வளையம் கண்ணை ஏமாற்றும். பேக்கிங் பிரிவிலிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்து, ரூபாய்க் காசை வைத்து வட்டமாக வெட்டி, கண்ணாடிக்குப் பின்னால் போட்டேன். வளையம் போயிற்று. எண்ணெய்க் கையில் வழுக்கியது. குழந்தை உடுப்பின் கைப்பட்டிக்கு வைக்கிற ரிப் துணி இருக்கிறதே, அதில் ஒன்றை எடுத்து உறை போல மாட்டினேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. குல்லாய் வைத்த பனியனுக்குக் கோக்கிற நாடாவை வாலில் கட்டிச் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டேன். பிறகு வெள்ளை எல்.ஈ.டி. வந்தது. ரேடியோ ரிப்பேர் கடையில் ஒன்று வாங்கி, பல்பைப் பிடுங்கிவிட்டு அதன் கால்களை அந்த இரண்டு ஓட்டையிலும் நுழைத்தேன். எரியவில்லை. பணம் போச்சு என்று உன் அம்மா சிரித்தாள். கால்களை மாற்றி நுழைத்தேன், எரிந்தது. பல்புக்கு எந்தக் கால் எங்கே போனாலும் சரி, இதற்கு அப்படி இல்லை. நீ மாற்றும்போது ஞாபகம் வைத்துக்கொள்.

காந்தம் வந்த கதை உனக்குத் தெரியாது. நீ பாலிடெக்னிக் படிக்கும்போது பாட்டுக் கேட்க ஒரு ஹெட்போன் வைத்திருந்தாய், ஒரு நாள் ஒரு பக்கம் கேட்காமல் போயிற்று, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்கே போனாய். கடைக்காரன் மேல் குற்றமில்லை. அதை நான்தான் பிரித்தேன். உள்ளே மிளகு வடகம் போல ஒரு காந்தம், அத்தனை சின்னதுக்கு அத்தனை இழுப்பு. டார்ச்சின் வாலில் ஒட்டிவிட்டேன். அதன் பிறகு தரையில் ஸ்க்ரூ விழுந்தாலும் மெஷினுக்கடியில் ஊசி ஒடிந்தாலும் வாலை விட்டுத் துழாவினால் தானாக ஒட்டிக்கொண்டு வரும். ஹெட்போனுக்கு மன்னித்துக்கொள். இந்தக் கடிதத்தில் சுலபமாகச் சொல்ல முடிகிற குற்றம் அது ஒன்றுதான்.

தேடும் விதமும் உண்டு. டார்ச்சை மேலேயிருந்து அடித்தால் சின்னப் பொருள் கண்ணில் படாது. கன்னம் தரையில் படுகிற மாதிரி குனிந்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடிக்க வேண்டும். அப்போது ஒரு மணல் பொடிக்குக்கூட விரல் நீள நிழல் விழும். பொருளைத் தேடாதே, நிழலைத் தேடு. ஆள் முகத்தில் அடிக்காதே, தையல்காரர்களின் முகத்தில் அடிக்கவே அடிக்காதே, அவர்கள் கண்ணை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். பையில் போடும்போது தலையை நன்றாகத் தளர்த்திவிடு, இல்லாவிட்டால் உள்ளேயே எரிந்து செல் தீர்ந்துவிடும். நாலு நாள் லீவு வந்தால் செல்லைக் கழற்றி வை, கசிந்துவிட்டால் அப்புறம் பச்சை பூத்துப் போகும். இந்தப் புத்திமதியெல்லாம் சரியானது. இவ்வளவும் தெரிந்தவன்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஊசி ஒடிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போது எங்கள் கம்பெனியில் அந்தச் சட்டம் புதிது. குழந்தைகள் துணி தைக்கிற இடம், அதனால் கடுமையாக வைத்திருந்தார்கள். ஊசி ஒடிந்தால் மெஷினை நிறுத்த வேண்டும். ஒடிந்த துண்டு அத்தனையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, துண்டுகளைச் சேர்த்தால் முழு ஊசி வருகிறதா என்று பார்த்து மெக்கானிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும், மேசையில் இருக்கிற பண்டல் முழுதையும் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். அந்தத் துண்டு எந்தக் குழந்தையின் கழுத்துக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது அல்லவா? இரும்பு கண்டுபிடிக்கிற மெஷின் பெரிய கம்பெனிகளில்தான் இருந்தது. எங்களிடம் இருந்தது என் டார்ச்தான். அது வந்த பிறகு ஒரு துண்டுகூடக் கிடைக்காமல் போனதில்லை. "மெக்கானிக் டார்ச் அடிச்சா எமன்கிட்ட போன ஊசியும் வந்துருமுங்க" என்று, தைக்கிறவர்களுக்குப் பீஸ் எடுத்துக் கொடுக்கிற கைமடிப் பெண்கள் கேலி பேசுவார்கள். அந்தக் கேலி எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை அவர்களிடம் நான் காட்டிக்கொள்ளவில்லை.

எஸ்தர் என்று ஒரு பெண் மூன்றாவது வரிசையில் தைத்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து புருஷனை இழந்து பையனோடு வந்தவள். என்னைவிடப் பத்து வயது சின்னவளாக இருப்பாள். அதிகம் பேச மாட்டாள், தையல் சுத்தம். ஷிப்மென்ட் போகிற நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுத்த அந்த உலுக்கலில் அவள் மெஷினில் ஊசி ஒடிந்தது. குழந்தை உடுப்பின் கழுத்துப் பட்டி ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் போனேன். இரண்டு துண்டு உடனே கிடைத்தது. முனை கிடைக்கவில்லை. மெஷினைப் பிரித்தேன். தரையில் படுத்தேன். அவள் சேலை மடிப்பை உதறச் சொன்னேன், அவள் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். இருபது நிமிடம் ஆயிற்று. வரிசை முழுதும் நின்று வேடிக்கை பார்த்தது. மேனேஜர் இரண்டு தரம் வந்துவிட்டார். "என்னங்க மெக்கானிக், கெடைக்காதுங்களா? வண்டி நிக்குது. பண்டல எடுத்து வெச்சரலாமுங்களா?" என்றார்.

அவர் என்னை அவசரப்படுத்தவில்லை கண்ணு. இதை நன்றாகக் கவனி. பண்டலை எடுத்து வைத்துவிடலாமா என்றுதான் அந்த மனுஷன் கேட்டார். இருபத்து நாலு உடுப்பு குறைந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. "கெடைக்காதுங்களா" என்று கேட்டாரே, அந்த ஒரு சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. "இருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மெஷினுக்கடியில் குனிந்தேன். என் டூல்ஸ் டப்பாவில் பழைய ஊசிகள் எப்போதும் கிடக்கும். கட்டிங் பிளேயரால் ஒன்றின் முனையை நறுக்கினேன். அதைக் காந்தத்தில் ஒட்டவைத்தேன். டார்ச்சைத் தலைகீழாகப் பிடித்து வாலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு எழுந்தேன். கைமடிப் பெண்கள் கை தட்டினார்கள், மேனேஜர் என் முதுகைத் தட்டிவிட்டுப் போனார். அந்தக் காந்தம் இல்லாவிட்டால் நான் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க முடியாது. விரல் நடுவே வைத்துக் காட்டியிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். டார்ச்சில் ஒட்டிக்கொண்டு வந்ததை யாரும் சந்தேகப்படவில்லை.

எஸ்தர் மட்டும் கிட்டே வந்து பார்த்தாள். "இது என் ஊசி இல்ல அண்ணாச்சி" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "காலைல வந்ததும் புது ஊசி போட்டேம்லா? இது மழுங்கிப் போயிருக்கு." நான் நிமிர்ந்து பார்க்காமல் ரிஜிஸ்டரில் ஒட்டினேன். "முப்பது வருசமா இதே வேலை பாக்கறனம்மா. ஒடையும்போது மழுங்காம என்ன பண்ணும்? போய்த் தையி" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் என்னை எங்கள் முதலாளியின் இன்னொரு யூனிட்டுக்கு, அவிநாசிக்கு, வேலைக்கு அனுப்பினார்கள். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது மூன்றாவது வரிசையில் வேறு பெண் உட்கார்ந்திருந்தாள். எஸ்தர் ஒரு பண்டலை வேஸ்ட் மூட்டைக்குள் வைத்து வெளியே கடத்திவிட்டாள், வாட்ச்மேன் பார்த்துவிட்டான், வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், "பாத்தா நல்ல புள்ளையாட்டத்தான் இருந்துச்சு, திருட்டுப் புத்தி" என்று சொன்னேன். நீயும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். எந்தப் பண்டல் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இப்போது யோசித்தால், கேட்க வேண்டாம் என்று எனக்குள் ஏதோ ஒன்று அப்போதே முடிவு செய்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மறைக்கிறவன் சோற்றைக் கிளறிப் பார்க்க மாட்டான்.

எனக்கு வேறு ஒரு பயம் இருந்தது. அந்த உடுப்புகள் கப்பல் ஏறிவிட்டன என்று நினைத்தேன். பேர் தெரியாத குளிர் நாட்டில், கழுத்து நிற்காத ஒரு குழந்தைக்கு அதை மாட்டுகிறார்கள், அது தலையைத் திருப்புகிறது. இதற்கு மேல் யோசிக்க முடியாது. ஆனால் இது வரைக்கும் தினம் யோசித்தேன். துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையரிடமிருந்து கம்ப்ளெயின்ட் வருமென்று காத்திருந்தேன். ஒரு மாதம் வரவில்லை, ஆறு மாதம் வரவில்லை. வந்திருந்தால் அழுது காலில் விழுந்து ஒரு வழியாகத் தீர்ந்திருக்கும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்கிறார்களே, என் நெஞ்சு கொஞ்ச நாள் குறுகுறுத்தது, அப்புறம் அலுத்துப்போய் நின்றுவிட்டது. அதோடு மற்றதும் நின்றுவிட்டது. நீ டிப்ளமா முடித்துப் பேப்பரைக் காட்டியபோது நல்லது என்றேன். என் அப்பா இறந்தபோது கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன், கை சுட்டது, அது மட்டும் தெரிந்தது.

அந்த வருடங்களில் நான் டார்ச்சை விடாமல் நோண்டிக்கொண்டே இருந்ததை நீ பார்த்திருக்கிறாய். சாப்பிட்டதும் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவேன். இன்னும் கூடின வெளிச்சத்தில் எல்.ஈ.டி., இரண்டாவதாக ஒரு காந்தம், மூக்குக் கண்ணாடிக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு லென்ஸ். "அப்பாவுக்கு அதுதான் மூத்த புள்ளை" என்று நீ அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நீ சொன்னது தப்பில்லை. அன்று கிடைக்காததைக் கண்டுபிடிக்கிற ஒரு டார்ச்சை நான் ஏழு வருடமாகச் செய்துகொண்டிருந்தேன். உன் கல்யாணத்தன்று மேடையில் மருமகளின் தோட்டுத் திருகு விழுந்து எல்லாரும் பதறினார்களே, நான் பட்டு வேட்டியோடு படுத்து ஜமுக்காளத்தின் மேல் வெளிச்சத்தைக் கிடத்தி ஒரே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். "சம்பந்தி கில்லாடிங்க" என்று உன் மாமனார் என் முதுகைத் தட்டினார். அந்தத் தட்டல் மேனேஜர் தட்டின மாதிரியே இருந்தது. அதற்கப்புறம் தாலி கட்டினாய். கெட்டிமேளம் கேட்டது. நான் அட்சதையைப் போட்டேன். ஒரு தகப்பனுக்கு அந்த நேரத்தில் என்ன தோன்ற வேண்டுமோ அது எனக்குத் தோன்றவில்லை கண்ணு. அதற்கு நீ காரணமில்லை, மருமகளும் காரணமில்லை. இத்தனை நாள் நீ அப்படி ஏதும் நினைத்திருந்தால் இன்றோடு விட்டுவிடு.

கொமரலிங்கத்திலிருந்து வந்த மறுநாள்தான் எனக்கு ஒன்று தோன்றியது. டார்ச் கையில் இல்லாததாலோ என்னவோ, சும்மா உட்கார்ந்திருந்தபோது, அந்த முனை துணிக்குள் போகவில்லை, வேறெங்கோ விழுந்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் எஸ்தர்தானே என்று நினைத்தேன். ஒருவேளை பிறகு அவள் கண்ணில் பட்டிருக்கலாம். பழைய கைமடிப் பெண் ஒருத்தியிடம் விசாரித்தேன். அவிநாசியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ரவிக்கையும் நைட்டியும் தைத்துக் கொடுக்கிறாள் என்றாள். புதன்கிழமை காலையில் போனேன். ஒரு மெஷின் போடுகிற அளவுக்குத்தான் கடை. என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "வாங்க அண்ணாச்சி, காப்பி குடிக்கீங்களா?" என்றாள். ஏழு வருடத்தில் தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. நான் நேராகக் கேட்டேன். அந்த முனை பிறகு எங்கேயாவது கிடைத்ததா என்று.

"அது துணியிலதான் இருந்திருக்கும் அண்ணாச்சி" என்றாள். என் காதில் அது விழுந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் அவள் பேசி முடிக்கவில்லை. "ஆனா அது போகலியே. நான்தான் அந்தப் பண்டல வேஸ்ட் மூட்டைக்குள்ள வச்சுக் கட்டிட்டேன். எப்படி அனுப்ப மனசு வரும்? பச்சப் புள்ள போடுதது." வாட்ச்மேன் அதைப் பார்த்தபோது ஷிப்மென்ட் வண்டி போய்விட்டிருந்தது, வேஸ்டில் கிடந்து அழுக்கான உடுப்பை அப்புறம் யாரும் அனுப்பவில்லை. அப்போதுதான் நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அப்புறம், மேனேஜரிடம் காரணத்தைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சொன்னேன். ஊசி முழுசாக் கெடைக்கல, அதான் எடுத்து வச்சேன்னு சொன்னேன். அவுக ரிஜிஸ்டரத் தெறந்து காட்டுனாக. மூணு துண்டும் ஒட்டியிருக்கு, கீழ உங்க கையெழுத்து. மெக்கானிக் பொய் சொல்லுதாரா, நீ சொல்லுதியான்னு கேட்டாக. நான் என்ன சொல்ல?"

இதுதான் கண்ணு நடந்தது. நான் ஏழு வருடமாக எந்தக் குழந்தையை நினைத்துக் கல்லாகிப் போனேனோ, அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எங்கேயோ நன்றாக வளர்ந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். அதை நினைத்துக் கொஞ்சமாவது நிம்மதி வர வேண்டும், வரவில்லை. இல்லாத ஒரு குழந்தைக்காக மாரடித்துக்கொண்டிருந்தேன், கண் முன்னால் இருந்த ஒருத்தியைத் திருடி என்று என் வீட்டுச் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னேன். தரையோடு தரையாக வெளிச்சம் அடித்துத் தேடத் தெரிந்தவன், பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவளைப் பார்க்கவில்லை. வைது தள்ளுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பாட்டுக்கு ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். கம்பெனிக்கு வந்து முதலாளியிடமே சொல்கிறேன், எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "அவுகளை எனக்கு எதுக்கு அண்ணாச்சி, கம்பெனியே பேரு மாத்தியாச்சு. எம் மவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுதீகளா?" என்றாள். அவன் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தானாம். குடியிருந்த தெருவில் செய்தி பரவி, பையன்கள் கேலி பேசி, பாதிப் பரீட்சையில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டானாம். இப்போது அவிநாசியிலேயே ஒரு நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். "நல்லாத்தான் இருக்கான். வேளாவேளைக்குச் சாப்பிடுவான், காச்சல்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவான். ஒரு சுடுசொல் சொன்னதில்ல. பீரோ சாவிய மட்டும் இடுப்புலயே வச்சுக்கிடுவான். நான் ஒரு சேலை மாத்தணும்னாலும் அவன் வேலை முடிஞ்சு வரணும்." இதைச் சொல்லும்போதுதான் அவள் கை நின்றது.

பஸ் ஏறி வரும்போது எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, உன் அம்மா கேட்டால் பல் வலி என்று சொல்லியிருக்கிறேன். அவளிடமும் சொல்ல வேண்டும், இதை உன்னிடம் கொடுத்துவிட்டு அவள் திரும்பி வந்த கையோடு சொல்லிவிடுவேன். உனக்கு ஒரு வார்த்தை. உன் லைனில் நாளைக்கு ஒரு பெண், துண்டு கிடைக்கவில்லை என்று சொன்னால், அது கிடைக்கவில்லை. உன் மெக்கானிக் எவ்வளவு பெரிய கில்லாடியாக இருந்தாலும் அவள் சொன்னதுதான் கணக்கு. அவளைவிட அந்த ஊசிக்குப் பக்கத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பையன் வீட்டில் இருப்பானாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவனிடம் சொல்வதற்கு முன்னால் என் பையனிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். உன்னால் முடியுமானால் வண்டியை எடுத்துக்கொண்டு வா. தனியாகப் போனால் அவிநாசி வரைக்கும் போய்விட்டு, வீட்டு வாசலிலிருந்து திரும்பி வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எல்லாம் மரத்துப்போன பிறகு எனக்குப் பயம் என்று ஒன்று வந்திருப்பது இதற்குத்தான். வந்தாயானால் என்னோடு உள்ளே வந்து உட்கார். நான் பேசி முடித்த பிறகு அவன் என்னை என்ன சொன்னாலும், கை நீட்டினாலும், நீ குறுக்கே வராதே சாமி.